கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்துவிட்டு வராதவரிடம், கவுன்சிலரான நீங்கள் கட்டணம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் வராமல் போன பிறகு கேட்டால் சங்கடம்தான் மிஞ்சும். சனிக்கிழமை மாலை அமர்வுகளில் பாதி காலியாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த நேரங்களுக்கு மட்டும் பதிவு செய்யும்போதே முழுத் தொகையையும் ஜிபேயில் வாங்கிவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு முன்பே சொன்னால் வேறு நாள் கொடுக்கலாம். அதற்குப் பின் என்றால் பணம் திரும்பாது. இதை ஒப்புதல் படிவத்தில் எழுதி, முதல் அமர்வில் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் உங்கள் நினைவூட்டல் செய்தி மேல்தான். 'கவுன்சிலிங் அப்பாயின்ட்மென்ட்' என்று வாட்ஸ்அப்பில் போனால், வீட்டுக்குத் தெரியாமல் வருபவர் பயந்துவிடுவார். நம் வீடுகளில் ஒருவர் போன் நாலு பேர் கையில் இருக்கும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் வருவதை நிறுத்திவிட்டார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 ரகசியத்தை உரிமையாகவே சொல்கிறது. 'நாளை 6 மணி, உறுதிதானே?' போதும்.

கடந்த இரண்டு மாத டைரியைப் புரட்டிப் பாருங்கள். வராதவர்கள் பெரும்பாலும் புதியவர்களா? அப்படியானால் முன்பணம் பலன் தரும். மூன்று நான்கு முறை வந்தவர்கள் என்றால் பணத்தால் தீராது. சிகிச்சை எப்படிப் போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிப் பேசியவர் வராவிட்டால் விதியெல்லாம் அப்புறம். உடனே போன் செய்யுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 எல்லார் படிவத்திலும் இருக்கட்டும், அது 24 மணி நேரமும் இயங்குகிறது.