22-லிருந்து 17-க்கு இறங்கினால் நெல் எடை எவ்வளவு குறையும்?

கேள்வி: இயந்திரத்தில் அறுத்த நெல் 100 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ. அறுத்தபோது ஈரப்பதம் 22 சதவீதம். களத்தில் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தேன். 5 சதவீதம்தானே குறைந்தது, 95 மூட்டை வரும் என்று நினைத்தேன். 93 மூட்டையும் 30 கிலோவும்தான் வந்தது. எடையில் ஏமாற்றிவிட்டார்களா? ஈர நெல்லையே விலையில் 10 சதவீதம் குறைத்து எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார். அப்படியே கொடுத்திருக்கலாமோ?

பதில்: நீங்கள் சொல்லும் எண்களை வைத்துப் பார்த்தால் எடையில் தப்பு இல்லை. கணக்குதான் இடறுகிறது.

22 சதவீத ஈரம் என்றால் உங்கள் 4,000 கிலோவில் தண்ணீர் மட்டும் 880 கிலோ. மீதி 3,120 கிலோ உலர்ந்த பொருள். வெயில் தண்ணீரைத்தான் எடுக்கும், இந்த 3,120-ஐத் தொடாது. காய்ந்தபின் ஈரம் 17 என்றால், அதே 3,120 கிலோ மொத்தத்தில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். 3,120-ஐ 83-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 3,759 கிலோ. 94 மூட்டைக்கு ஒரு கிலோ குறைவு. உங்களுக்கு வந்தது 3,750. அந்த 9 கிலோ பதர், தூசி, களத்தில் சிந்தியது என்று போயிருக்கும்.

ஆக எடை குறைந்தது 5 அல்ல, 6 சதவீதம். 22 என்பது 4,000 கிலோவுக்குச் சொன்ன சதவீதம், 17 என்பது 3,759 கிலோவுக்குச் சொன்னது. அடிப்படை வேறாக இருக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் விடை வராது.

ஈரப்பதமானியையும் கொஞ்சம் கவனியுங்கள். 22 என்று காட்டியது உண்மையில் 22.5 என்றால் கணக்கு 24 கிலோ மாறிவிடும். குவியலின் மேலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் போதாது. அடியிலும் நடுவிலும் எடுத்துக் கலந்து அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கொள்முதல் நிலையத்தின் வழக்கமான உச்சவரம்பு 17. மழை கெடுத்த பருவங்களில் தளர்வு கிடைத்ததும் உண்டு. அங்கே விற்கும் நெல்லை 14 வரை காயவிட்டால் எடை 3,628-க்கு இறங்கும், மூன்று மூட்டைக்கு மேல் நஷ்டம். விலையோ ஏறாது. வீட்டில் சேமித்து வைக்கும் நெல்லுக்குத்தான் 14 வேண்டும், விதைக்கு 13.

வியாபாரி விஷயத்துக்கு வருவோம். விலையில் 10 சதவீதம் குறைத்தால், 4,000 கிலோ ஈர நெல்லுக்கு 3,600 கிலோ காய்ந்த நெல்லின் பணம்தான் கிடைக்கும். உங்கள் கையில் இருப்பது 3,750. கிலோ 25 ரூபாய் என்று வைத்தாலும் 150 கிலோவுக்கு 3,750 ரூபாய் கூடுதல். காயவைக்கவும் திரும்ப மூட்டை பிடிக்கவும் அதற்குள் முடிந்திருந்தால் நீங்கள் செய்தது லாபம். கூலி அதைத் தாண்டியிருந்தால் வியாபாரியிடமே கொடுத்திருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் விலைக் குறைப்போடு "மூட்டைக்கு 2 கிலோ கழிவு" என்றும் சேர்க்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 40-க்கு 2 என்றால் 5 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் மொத்தம் 14.5 சதவீதம் போகும், 3,420 கிலோவுக்குத்தான் பணம். அந்தப் பேரத்துக்கு, கூலி கொடுத்தாவது காயவைப்பதே மேல்.