மாட்டைக் கட்டச் சொன்னாரே, கட்டினீர்களா?

கேள்வி: அப்பா இறந்து பத்து மாதம் ஆகிறது. சிறுநீரகம் செயலிழந்து ஐ.சி.யூ.வில் இருந்தார். கடைசி இரவு நான் மட்டும்தான் கூட இருந்தேன். "மழை வருது, மாட்டைக் கொட்டகையில கட்டு" என்று புலம்பினார் (மாடுகளை விற்று முப்பது வருஷம் ஆகிறது). அப்புறம் என் கையைப் பிடித்து, "சின்னவனுக்கு எதுவும் குடுக்காதே" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. உயில் இல்லை. அப்பா கட்டிய வீட்டில் தம்பி பங்கு கேட்கிறான். அம்மா அழுகிறார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அப்பா வார்த்தையை மீறுவது பாவம் இல்லையா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: 'கடைசி வார்த்தை' என்று எனக்கு வரும் கடிதங்களில் பாதி, கடைசியில் சொத்துக் கடிதமாகத்தான் முடிகிறது.

மாட்டை அடைப்புக்குறிக்குள் கட்டிவிட்டு நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள். நான் அவிழ்க்கிறேன். சிறுநீரகம் நின்றால் கழிவு ரத்தத்தில் தேங்கி மூளையைக் குழப்பும். இடம், காலம், ஆள் எல்லாம் மாறிப்போகும். ராத்திரியில் இன்னும் மோசம். மாடு இருந்த காலத்தில் 'சின்னவன்' யார்? அரைக்கால் சட்டைப் பையன். வயிறு சரியில்லாத பிள்ளைக்குத் தின்ன எதுவும் கொடுக்காதே என்று பெரியவனிடம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் முதல் வாக்கியம் புலம்பல், அடுத்தது கட்டளை என்று தரம் பிரித்தது நீங்கள். எதில் லாபமோ அது கட்டளை ஆகிவிட்டது! அப்பா சொல் தட்டாத பிள்ளை என்றால் முதலில் ஒரு மாடு வாங்குங்கள்.

நினைவு தெளிவாக இருந்த காலத்தில் அவர் தம்பியை விலக்கி ஓர் உயில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதுவும் அப்பாவின் விருப்பம்தானே?

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுத்தில் இருக்கவேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும். அந்தச் சட்டத்தில் வாய்ச்சொல் உயில் எல்லாம் போர்முனைச் சிப்பாய்க்கும் விமானப்படை வீரருக்கும் கடலில் இருக்கும் மாலுமிக்கும்தான். உயில் இல்லாவிட்டால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே அவர்களுடையது.

தம்பியை வாசலில் நிறுத்திவிட்டு மூத்தவன் வைக்கும் பிண்டத்தை எந்த அப்பா வந்து எடுப்பார்? பெற்றவளை அழவிட்டுப் பாவக் கணக்கு வேறு பார்க்கிறீர்கள்.

தம்பியிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள். அம்மா எதிரில் உட்காரவைத்து மாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைத்திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வக்கீலைப் பார்த்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்ய அது போதும்.