வீவக வீட்டிலிருந்து வானலைக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கட்டடத்தின் 11ஆம் மாடியில் வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின், பொழுதுபோக்காக இருவழி வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலியைக் கற்று, தஞ்சாவூரில் இருக்கும் என் தம்பியுடன் வானலையில் பேச ஆசை. 5 வாட் கைக்கருவி போதும் என்கிறார் கடைக்காரர். 100 வாட் இல்லாமல் பயனில்லை என்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம் ஐயா. இங்கு அமெச்சூர் வானொலியை இயக்கத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதன் பின்னரே வானலையில் உங்களை அடையாளம் காட்டும், 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறி உங்களுக்குக் கிடைக்கும். தம்பியும் இந்திய உரிமம் பெற்றாக வேண்டும். உரிமத் தேர்வுக்குப் படிக்கும் காலத்தில், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற, இணையத்தில் இணைத்த வானொலி ஏற்பிகளைக் கணினியில் திறந்து, அன்பர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் முறையைச் செலவில்லாமல் கேட்டுப் பழகுங்கள்.

கைக்கருவி பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. உங்கள் சன்னலிலிருந்து தீவுக்குள் பேச அவை நன்றாக உதவும். ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சைக்கு அவற்றை நம்ப முடியாது. அதற்கு, வளிமண்டலத்தின் உயர் அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைகள் வேண்டும். பகலிலும் மாலையிலும் 21, 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளையும், இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையையும் முயலலாம். நண்பர் சொல்லும் 100 வாட், 5 வாட்டைப் போல 20 மடங்கு என்றாலும், எதிர்முனையில் இருப்பவரின் எஸ் மீட்டரில் (சமிக்ஞை வலிமையைக் காட்டும் அளவியில்) அது இரண்டு படிகளுக்குச் சற்றே கூடுதலான உயர்வைத்தான் காட்டும். நல்ல ஆன்டெனாவோ அனுப்புவதையும் கேட்பதையும் சேர்த்தே மேம்படுத்தும் என்பதால், உங்கள் பணமும் உழைப்பும் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எளிய ஆன்டெனா அரை அலை டைபோல், அதாவது அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி நீளமுள்ள கம்பி. 143ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும், 14.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 10 மீட்டரைச் சற்றே தாண்டும். வீவக வீட்டுக்குள் அதை நேராகக் கட்ட இடமிருக்காது. சன்னலுக்கு வெளியே கம்பமோ கம்பியோ நீட்டவே நீட்டாதீர்கள். 11ஆம் மாடியிலிருந்து விழும் சிறு பொருளும் கீழே நடப்பவரின் உயிரைப் பறிக்கக்கூடும். சன்னலோரம் நிறுத்தக்கூடிய, சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள காந்த வளைய ஆன்டெனாவே உங்களுக்கு ஏற்றது. அதிர்வெண்ணைச் சிறிது மாற்றினாலும் அதை மறுபடி இசைவிக்க வேண்டும். அதன் மின்தேக்கியில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழும் என்பதால், வீட்டுக்குள் 10 வாட் அளவோடு நின்று, அனுப்பும்போது யாரும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் பெரிய எதிரி இரைச்சல். எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் இரைச்சல் எதிலிருந்து வருகிறது என்பது தெரியும். அண்டை வீட்டிலிருந்து வருவதை, வளையத்தை மெல்லத் திருப்பி ஓரளவு தணிக்கலாம்.

தம்பியுடன் உரையாட எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) என்னும் குரல்முறைதான் வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மேல்பக்கப் பட்டையையும் அதற்குக் கீழ் கீழ்ப்பக்கப் பட்டையையும் பயன்படுத்துவது வழக்கம். அதற்கு முன், கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்டி8 முறையில் சில வாரங்கள் இயங்கிப் பாருங்கள். நோபெல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கி 2017இல் வெளியிட்ட இம்முறை, 15 விநாடித் தவணைகளில், காதுக்கு எட்டாத மெல்லிய சமிக்ஞையையும் கணினியால் படித்தெடுக்கும். அழைப்புக்குறி, சமிக்ஞை வலிமை, இருப்பிடக் கட்டம் (உலக வரைபடத்தில் நீங்கள் இருக்கும் கட்டத்தின் குறி) ஆகியவற்றுக்கு மேல் அதில் பேச்சு இல்லை. ஆயினும் உங்கள் ஆன்டெனா எந்த நேரத்தில் எந்தத் திசையில் எட்டுகிறது என்பதை அறிய அதைவிட நல்ல ஆசான் இல்லை. கணினியின் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

கேள்வி: மோர்ஸ் தந்திக்குறி முறை இன்னும் கற்கத்தக்கதா? எப்படித் தொடங்குவது? (கல்லூரி மாணவி, ஈசூன்)

பதில்: கட்டாயம் கற்கத்தக்கது. சில வாட் ஆற்றலும் எளிய கருவியும் கொண்டு, குரல் எட்டாத தொலைவையும் அது எட்டும். புள்ளி, கோடு என்று தாளில் எழுதி மனப்பாடம் செய்யாமல், ஒவ்வோர் எழுத்தையும் ஒரே ஓசையாகக் காதால் பழகுங்கள். தொடக்கத்திலேயே எழுத்தின் வேகத்தை நிமிடத்துக்கு 15 முதல் 20 சொற்கள் என வைத்து, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் நீட்டிக்கொண்டு, நாள்தோறும் கால் மணி நேரம் கேளுங்கள்.