இடைக்கால ஐரோப்பாவில் பணக்காரர்கள் ஏழைகளுக்குத் தர்மம் செய்தது இரக்கத்தாலா, பயத்தாலா?

இரண்டும்தான். என்னைக் கேட்டால் பயம் ஒரு படி கூடுதல்.

நவம்பர் வந்தால் எங்கள் பாட்டி உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு ஜெபமாலை சொல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டாள். மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமா பாவக்கறை தீரக் காத்துக்கிடக்கும் அந்த உத்தரிக்கிற ஸ்தலம்தான் இடைக்காலத் தர்மத்துக்கு அச்சாணி. செத்தபின் அங்கே கிடந்து வேகும் காலத்தை உயிரோடிருப்பவர்களின் ஜெபம் குறைக்கும்; ஏழையின் ஜெபம் கடவுள் காதில் சீக்கிரம் விழும். அதனால்தான் அடக்கத்துக்கு வரும் ஏழைகளுக்குக் காசும் ரொட்டியும் தரச்சொல்லி உயில் எழுதினார்கள். வாங்கியவன் செத்தவனுக்காக ஜெபிக்கவேண்டும். ஏழையே இல்லாவிட்டால் பணக்காரன் யாரைப் பிடித்துக் கரையேறுவான்?

பிரான்சில் போன் என்றொரு ஊர் (கைப்பேசி இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்). பர்கண்டிப் பிரபுவின் தலைமை அமைச்சர் நிகோலா ரோலன் 1443-இல் அங்கே ஏழை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நிறுவினார். சாசனத்தில் ஒளிவுமறைவே இல்லை: இவ்வுலகச் செல்வத்தைக் கொடுத்து மறுவுலகச் செல்வத்தை வாங்கும் நல்ல வியாபாரம் என்றே சொல்கிறார். இத்தனை பேரை ஏழையாக்கியவர் அவர்களுக்கு ஒரு கூரை போட்டுத் தருவது நியாயம்தான் என்று பதினோராம் லூயி மன்னர் குத்தியதாக ஒரு பேச்சு உண்டு.

எல்லா ஏழைக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. கொள்ளைநோயில் ஜனம் செத்துக் கூலியாள் கிடைக்காமல் போனதும், உடம்பில் தெம்புள்ளவனுக்குப் பிச்சை போட்டால் போட்டவனுக்கே சிறை என்று 1349-இல் இங்கிலாந்து அரசர் ஆணையிட்டார். விரும்பி ஏழையான அசிசி பிரான்சிஸின் துறவற சபைக்கு வேறு தலைவலி. கிறிஸ்துவைப் போல எதுவும் சொந்தமில்லாமல் வாழ்கிறோம் என்பதுதான் அவர்கள் பிடிப்பு. கிறிஸ்துவும் சீடர்களும் எதையுமே சொந்தமாக வைத்திருக்கவில்லை என்று சாதிப்பது திருச்சபைக்கு விரோதமான கொள்கை என்று 1323-இல் போப் 22-ஆம் ஜான் அறிவித்துவிட்டார்.

போனுக்கு நான் போயிருக்கிறேன். நீண்ட கூடத்தின் இருபுறமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள், கோடியில் பீடம். படுத்தபடியே பூசை பார்க்கலாம். அந்தப் பீடத்தில் அன்று இருந்தது வான் டெர் வெய்டன் வரைந்த பொதுத்தீர்வைச் சித்திரம், அதாவது உலக முடிவில் கடவுள் எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லும் காட்சி. ஞாயிறு, திருநாள்களில்தான் அதன் கதவுகளைத் திறப்பார்கள். நடுவில் மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) ஆத்துமாக்களை நிறுக்கத் தராசு பிடித்து நிற்கிறார்; பாவத்தட்டு தாழ்ந்திருக்கிறது. கதவுகளின் வெளிப்புறத்தில் ரோலனும் அவர் மனைவியும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். ஆக, மற்ற நாள்களில் கட்டிலில் கிடந்தவன் கண்ணுக்கு எதிரே இருந்தவை, யாருக்காக அவன் ஜெபிக்கவேண்டுமோ அந்த இரண்டு முகங்கள்.