ரோமானியப் பால மாதிரி: வளைவு சரிகிறதா, கால்களைப் பாருங்கள்

வளைவைக் கட்டி முடிக்கும்வரை அடியில் தாங்கும் சென்ட்ரிங் அட்டையை எடுத்ததும் உங்கள் மகளின் பால மாதிரி உட்கார்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் இரண்டு கால்களும் வெளிப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. வளைவு எடையைக் கீழே இறக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். இருபுறமும் கனமான செங்கல்லை அணைத்து வையுங்கள். அப்புறம், அட்டையை வெடுக்கென்று உருவாதீர்கள். அடியில் ஆப்பு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

பசை வேண்டவே வேண்டாம். பிரான்சில் ரோமானியர் கட்டிய 49 மீட்டர் உயர போன் து கார் நீர்ப்பாலத்தின் பெரிய வளைவுகள் சாந்தே இல்லாமல்தான் கி.பி. 1ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. அன்று மரச்சாரத்தைத் தாங்கிய கற்கள் இன்றும் சுவரில் துருத்திக்கொண்டிருக்கின்றன. எனக்கு அதில் மிகப் பிடித்ததே அதுதான். வளைவு தொடங்கும் இடத்தில் நீங்களும் இரண்டு கல் நீட்டிவிடுங்கள். அட்டை அதன்மேல் உட்காரும்.