மொட்டைமாடியை யார்கிட்ட காட்டறது?

கேள்வி: எங்க வீடு 1984ல கட்டினது, குரோம்பேட்டை. பெட்ரூம் சீலிங்ல போன மழைக்கு சிமெண்ட் பேந்து விழுந்து கம்பி தெரியுது. ‘மேல ஒரு கோட் வாட்டர்ப்ரூஃப் அடிச்சா போதும்’ங்கறார் பெயிண்டர். அடிச்சிடலாமா?

பதில்: இருங்க சார், அவசரப்படாதீங்க. கம்பி துருப்பிடிச்சா ஊதும், ஊதி கான்கிரீட்டையே தள்ளிடும், அதுக்கு மேல பெயிண்ட் அடிக்கறது புண்ணுக்கு பவுடர் போடற மாதிரிதான். முதல்ல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஃபீஸ் குடுத்தே கூப்பிடுங்க, ‘இன்ஸ்பெக்‌ஷன் ஃப்ரீ’ன்னு வர்றவர் பெரும்பாலும் கெமிக்கல் விக்கத்தான் வருவார். நல்ல ஆளா இருந்தா சின்ன சுத்தியலால சீலிங்கை தட்டித் தட்டிப் பாப்பார், டொக்டொக்குன்னு வெத்துச் சத்தம் வர்ற இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடுவார், அப்புறம் மாடிக்குப் போய் தளத்துல பதிச்ச தட்டு ஓடுகளோட இடுக்கு, கைப்பிடிச்சுவர் தளத்தோட சேர்ற மூலை, மழைத்தண்ணி குழாய் வாய் எல்லாம் பாப்பார் (எங்க வீட்டுல அந்தக் குழாய்க்குள்ள ஒரு டென்னிஸ் பந்து கிடந்துச்சு!). கம்பி தெரியற தளத்துல தண்ணி தேக்கி டெஸ்ட் பண்றேன்னு யாராவது சொன்னா, இன்ஜினியரைக் கேக்காம சம்மதிக்காதீங்க, தளத்துல வெயிட் ஏறும். அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை வந்துடும், ஆகஸ்ட்லயே பாத்துடுங்க. அதுவரைக்கும் கட்டிலை அந்த இடத்துலேர்ந்து நகத்திப் போடுங்க.