நார்மானியர் வருகையால் அயர்லாந்தின் நிலமும் சமூகமும் மாறினவா, அல்லது வந்தவர்களே ஐரிஷ்காரர்களாகிவிட்டார்களா?

"ஐரிஷ்காரர்களைவிடவும் ஐரிஷ்காரர்களாக மாறிய நார்மானியர்" என்ற வாசகத்தை எங்கோ படித்துவிட்டுத்தான் இக்கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று கருதுகிறேன். நார்மானியர் என்போர், பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்றவர்களின் வழிவந்தோர். அயர்லாந்தின் மீத் பகுதியில் சில ஆண்டுகளாக வசிக்கும் எனக்கு அந்த வாசகம் அலுத்துவிட்டது.

நார்மானியக் குடும்பப் பெயர் தாங்கிய அலுவலக நண்பர் ஒருவர் டிரிம் கோட்டையைச் சுற்றிக் காட்டியபோது அதையே பெருமையோடு சொன்னார். கோட்டையைத் தொடங்கிய நார்மானியப் பிரபு ஹியூ டி லேசி, அயர்லாந்தின் மேற்கிலுள்ள கானாட்டின் அரசர் ரோரி ஓ கானரின் மகளை மணந்தாரே, இதைவிடச் சான்று வேண்டுமா என்றும் கேட்டார். திருமணம் நடந்தது உண்மைதான். ஆனால், அந்தக் கோட்டை நிற்கும் நிலம் யாருடையதாக இருந்தது, பிறகு அதில் யார் உழுதார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். பேச்சு மதிய உணவு வரை நீண்டது.

அயர்லாந்தின் கிழக்கிலுள்ள லெய்ன்ஸ்டரின் அரியணையை 1166இல் இழந்த டெர்மாட் மக்முரோ, அதை மீட்க வேல்ஸிலிருந்து நார்மானிய வீரர்களை அழைத்தார். 1169இல் முதற்படை வந்தது; அடுத்த ஆண்டு வந்த நார்மானியப் பிரபு ஸ்ட்ராங்போ, டெர்மாட்டின் மகள் ஈஃபாவை மணந்தார். தம் குடிமகன் ஒருவர் தனி அரசராகிவிடுவாரோ என்று அஞ்சிய இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி 1171இல் தாமே கடல் கடந்தார். மறு ஆண்டு, ஐம்பது குதிரைவீரர்களின் படைச்சேவைக்கு ஈடாக மீத் முழுவதையும் டி லேசிக்கு எழுதிக் கொடுத்தார். ஓ மெலக்லின் மரபினர் ஆண்ட நாடு, ஒரே பட்டயத்தால் கைமாறியது.

அதுவரை கேலிக் சமூகத்தில், அதாவது அயர்லாந்தின் பூர்வகுடிச் சமூகத்தில், நிலம் பெரிதும் உறவினர் குழுவின் உரிமையாகவே பிரிக்கப்பட்டு வந்தது. செல்வத்தை மாடுகளைக் கொண்டே கணக்கிட்டனர். அக்காலம் பொற்காலம் என்று நான் வாதிடவில்லை. அடிமைகள் அங்கும் இருந்தனர். புதிய ஆட்சியில் நிலம் பிரபுவின் பண்ணையாயிற்று, மூத்த மகனுக்கே வாரிசுரிமை என்ற முறை வந்தது, தானிய வேளாண்மை விரிந்தது, இங்கிலாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் குடியேறியவர்களுக்கு நிலமும் நகர உரிமைகளும் கிடைத்தன. நியூ ராஸ் போன்ற துறைமுக நகரங்கள் எழுந்ததையும், வணிகம் வளர்ந்ததையும் நான் மறுக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டிப் பின்னூட்டம் எழுத யாரும் சிரமப்பட வேண்டாம். அப்பண்ணைகளில் எஞ்சிய ஐரிஷ் உழவர் பலர் 'பெட்டாக்' என்ற பெயரில் மண்ணோடு பிணைக்கப்பட்டனர் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். கோட்டைச் சுவரின் கனத்தை அங்குலக் கணக்கில் சொல்லும் சுற்றுலாப் பலகைகள் பல உண்டு. இவர்களைப் பற்றி ஒரு வரி எழுத மட்டும் இடம் கிடைப்பதில்லை.

சட்டம் இன்னும் கடுமையானது. 1210இல் ஜான் மன்னர் ஆங்கிலச் சட்டத்தை அயர்லாந்துக்கு விரிவுபடுத்தினார். ஆயினும், அச்சட்டத்தின் பாதுகாப்பைத் தனிச் சலுகையாகப் பெறாத ஐரிஷ்காரர் ஒருவர் மன்னரின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால், 'இவர் ஐரிஷ்காரர்' என்று எதிர்த்தரப்பு சொன்னாலே வழக்கு விழுந்துவிடும். அத்தகையவரைக் கொன்றவர்மீது மரண தண்டனைக்குரிய குற்றமும் சுமத்தப்படாது. ஐரிஷ் அரசர் டொனல் ஓ நீல் 1317இல் போப்பாண்டவருக்கு அனுப்பிய முறையீட்டில் இவ்வநீதியைத்தான் விரிவாக அடுக்கினார்.

கலப்பே நிகழவில்லை என்று நான் சொல்லவில்லை. நார்மானிய வழிவந்த டெஸ்மண்டின் மூன்றாம் பிரபு ஜெரால்ட் ஐரிஷ் மொழியில் காதல் கவிதைகள் எழுதியவர். அவர் காலத்தில், 1366இல், கில்கெனியில் கூடிய மன்றம் குடியேறியவர்கள் ஐரிஷ் மொழி பேசுவதையும், ஐரிஷ்காரர்களை மணப்பதையும், பிள்ளைகளை அவர்களிடம் வளர்க்க விடுவதையும் தடை செய்தது. தடை செய்யும் அளவுக்கு அவை பெருகியிருந்தன என்பதற்கு அதுவே சான்று. ஆனால் இவ்வாறு கலந்த பிரபு, தம் நிலத்தை அதன் பழைய உரிமையாளரிடம் திருப்பித் தந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. உழவர்களின் கட்டு தளர்ந்ததில், இந்தக் கலப்பைவிட 1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு ஏற்பட்ட ஆள் பற்றாக்குறைக்கே பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.